டோக்கன் நாற்பத்தேழு

கம்மனஹள்ளி மெயின் ரோட்டைக்
குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த மாதம்.
செருப்பெல்லாம் செம்மண்ணோடு
கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்தேன்.
என் டோக்கன் நாற்பத்தேழு.
திரையில் முப்பத்தொன்று
சில்க் போர்டு சிக்னல் மாதிரி நின்றுவிட்டது.

ஒருவழியாய் என் முறை.
"உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்."
அந்த நம்பர்தான் தம்பி என்னிடம் இல்லை.
டையைச் சரிசெய்துகொண்டு யோசித்தான்.
"அப்போ நீங்க நீங்கதான்னு எப்படி மேடம்?"

பதினான்கு மாதம் மலாவியில் இருந்தேன்.
ம்சிம்பாவுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடம்,
பெஞ்சுக்கு ஆறு பேர், நான் பின்னம் நடத்தினேன்.
கறையான் புற்று ஒன்றின் உச்சியில் மட்டும்
சிக்னல் கிடைக்கும்.
ஏறி நின்று கையைத் தூக்க வேண்டும்.
கீழே ஊர் காத்திருக்கும், டோக்கன் கிடையாது.
யாருக்காவது பிரசவ வலி என்றால்
வாத்தியாரம்மா பாதிப் பேச்சில் இறங்கிவிட வேண்டும்.

அந்தப் புற்றின் மேல் நின்று
இந்தக் கம்பெனியைக் கூப்பிட்டேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தவும்.
அழுத்தினேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
பிறகு வயலின்.
நிமிஷத்துக்கு எழுபது ரூபாய் வயலின்.
கீழே ஒரு கிழவர்
கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

தொண்ணூறு நாள் ரீசார்ஜ் இல்லை என்றால்
நம்பர் செத்துப்போகுமாம்.
கொஞ்ச நாள் ஆறப்போட்டு
வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம்.
"கண்டிஷன்ஸ்ல இருக்கு மேடம், பதினேழாம் பக்கம்."

பக்கத்து நாற்காலிக்காரரின் போனைக் கடன் வாங்கி
என் நம்பருக்கு நானே போட்டேன்.
ஒரு பெண் எடுத்தாள்.
பின்னால் தையல் மெஷின்கள், நூறாவது இருக்கும்.
எனக்குத் தெரிந்த கன்னடத்தில்
சண்டைக்கு ஒரு வாக்கியம் கோத்து வைத்திருந்தேன்.
அவள் முந்திக்கொண்டாள், உடைந்த தமிழில்:
"ஜெயவந்தி அக்காவா? பதினொண்ணாம் தேதி வர்றீங்கன்னு
அம்மா சொன்னாங்க."
எந்த அம்மா?
"உங்க அம்மாதான்."

சிவலீலா. ராய்ச்சூர்ப் பக்கம்.
பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள்.
மலாவி நம்பரை காலண்டரில் கொட்டை எழுத்தில்
எழுதிவிட்டுத்தான் போனேன்,
அம்மாவின் விரல் பழசுக்கே போயிருக்கிறது.
முதல் நாள் ராங் நம்பர்.
மறுநாளும் ராங் நம்பர்.
மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல்.
சுக்கு தட்டிப் போடச் சொல்லியிருக்கிறாள்,
ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது என்றதும்
அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறி
ஃபிளாஸ்கோடு போயிருக்கிறாள்.
அப்புறம் தீபாவளிக்கு.
அப்புறம் சும்மா.

எனக்கு வந்த மெசேஜ்களில் இது எதுவும் இல்லை.
"சாப்டியா" இருந்தது.
"கொசுவலை கட்டிக்கோ" இருந்தது.
நான் ஆறு ஊசி போட்டுக்கொண்டு,
தெரிந்தவர்களிடமெல்லாம் டிக்கெட்டுக்குக் காசு கேட்டு,
ஏர்போர்ட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியவள்.

"அக்கா, ஏதோ ஓடிபி வந்திருக்கு,
ஆறு ரெண்டு பூஜ்யம் ஒன்பது."
சொன்னேன். பையன் தட்டினான்.
"கரெக்ட் மேடம். நீங்க நீங்கதான்.
பழைய நம்பர் வேணும்னா மனு கொடுக்கலாம்,
முப்பது நாள் ஆகும்."
வேண்டாம், புதுசு கொடு.

வாசலில் பள்ளத்தின் மேல் போட்ட பலகையில்
பாதி தாண்டியிருப்பேன்.
எங்கள் சேவைக்கு ஒன்று முதல் ஐந்துக்குள்
மதிப்பெண் கேட்டு மெசேஜ்.
உடனே ஒரு அழைப்பு:
"ரஃபீக் பாய், சிமென்ட் இன்னும் வரலையே,
ஆளுங்க எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்காங்க."
ராங் நம்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அந்தப் பக்கம் கலவை மெஷின் நின்றுபோன அமைதி.

எத்தனை மூட்டை, என்றேன்.