பயிர்: ஒரு சொல்லில்

இரண்டரை ஏக்கர்.
சுங்கை சிப்புட் சந்தையில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்:
"அந்த லாலான் மேடா?
ஆடுகூடக் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுமே."

உண்மைதான்.
முதலில் பால்மரம், பிறகு செம்பனை,
பிறகு அடித்தண்டில் காளான் பிடித்துச் செத்த செம்பனை,
பிறகு யாருக்கும் வேண்டாத சரிவு.
மழை அதன்மேல் பெய்வதில்லை,
அறையும்.
அறைந்த சிவப்பு வழிந்திறங்கி
பாலத்தடியில் தேத்தண்ணீராய் ஓடும்.

எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
பகலில் தூங்க வேண்டியவள்
வாழைக்கன்று சுமந்தேன்.
என் கணவர் அமிர்தகணேசன்
இருபத்தாறு வருடம் தோட்டத்தில் நேர் பிடித்தவர்.
கயிறு கட்டி, முளையடித்து,
இருபத்தொன்பது அடிக்கு ஒரு கன்று.
முதல் நாளே கயிற்றோடு வந்து நின்றார்.

சண்டை அங்கேதான் தொடங்கியது.
வாழைக்குப் பக்கத்தில் பெட்டாய் என்றேன்,
அதற்குக் கீழே லெங்குவாஸ்,
இடுக்கில் டுரியான்.
"கோணலா நட்டா மண்டோர் ஏசுவாரு."
மண்டோர் செத்துப் பதினொரு வருடம்.
"வந்து ஏசட்டும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நான் நட்டதைப் பிடுங்கவும் இல்லை.

பெட்டாய்க் கன்றுகளை
மேலாற்றுக் கம்பத்திலிருந்து அஞ்சாங் கொண்டுவந்தார்.
காசு வேண்டாமாம், மோட்டார் சைக்கிளுக்கு
ஒரு பழைய டயர் போதுமாம்.
நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு
மலாயில் ஒரே கேள்வி:
"இதற்கு நிழல் எங்கே?"
எனக்குக் கூசிவிட்டது,
சோறு போடாமல் ஒருத்தியிடம் வேலை வாங்கியதை
வெளியாள் கண்டுபிடித்துவிட்டதைப் போல.

ஆகவே நிழலை முதலில் வைத்தோம்.
வேலியெங்கும் கிளைரிசிடியாக் குச்சிகள்,
வெட்ட வெட்டத் துளிர்க்கும்;
வெட்டியதெல்லாம் மண்ணுக்கே போர்வை.
முக்குனாக் கொடி லாலான்மேல் ஏறிப் படுத்து
அதை வெளிச்சத்துக்குக் கெஞ்ச வைத்தது.
முதல் வருடம் அறுநூற்று நாற்பது வெள்ளி நட்டம்.
மரவள்ளியைக் காட்டுப்பன்றி கொண்டுபோனது.
போனால் போகட்டும் என்று சொல்ல
நாங்கள் பணக்காரர்கள் இல்லை;
அமிர்தகணேசன் மூன்று இரவு டின் தட்டினார்.
இரண்டாம் வருடம் வாழை,
மண்ணெண்ணெய்க் கடன் அடைகிற அளவுக்கு.
ஒரு நாள் மண்வெட்டியில் மண்புழு வந்தது.
வெட்டுப்படாமல் எடுத்து
அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"புழுதானே" என்றார்,
குனிந்து பார்த்துக்கொண்டே.

மூன்றாம் வருடம் உரிமம் புதுப்பிக்க
நில அலுவலகத்திலிருந்து நோர்லைலா வந்தாள்.
சின்னப் பெண், சேறு படாத காலணி.
பாரத்தில் 'பயிர்' என்ற இடத்தில்
விரல் அகலத்துக்கு ஒரு கோடு.
"ஒன்று சொல்லுங்கள், காக்கா."
வாழை என்றேன். எழுதினாள்.
பெட்டாயும் உண்டு. அடித்தாள்.
லெங்குவாஸ், மிளகு, ஜெரிங், டுரியான்,
அங்கே ஒரு பெட்டியில் கெலுலுட் தேனீயும்...
பேனாவை மூடிச் சுற்றிலும் பார்த்தாள்.
கடைசியில் எழுதினாள்: சம்பூர்.
கலவை.
மதியம் கடையில் ஒரே தட்டில் ஏழு கறி வாங்கினால்
அதற்கும் அந்தச் சொல்தான்.

டுரியான் காய்க்க எட்டு வருடம்.
உரிமம் டிசம்பர் வரை.
பள்ளியில் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால்
வாத்தியார் சிவப்பு மையால் சுழித்திருப்பார்.
எட்டு டிசம்பர், எட்டு வரிசை, எட்டு முத்திரை.
அதில் ஏதோ ஒன்று விழாமல் போகலாம்.
அது தெரிந்துதான்
போன வாரம் இன்னும் நான்கு கன்று நட்டேன்.

நேற்று விடியலில் வேலை விட்டு இறங்கினால் மழை.
குடை விரிக்காமல் கேட்டேன்.
முதலில் பெட்டாய் இலையில்,
பிறகு வாழையில் தடதடவென்று,
மண்ணுக்கு வரும்போது
சத்தமே இல்லை.
பாலத்தடியில் இன்னும் சிவப்புதான் ஓடுகிறது,
மேல்சரிவு பலருடையது.

உள்ளே அமிர்தகணேசன் நனைந்துகொண்டே
அந்தப் பழைய கயிற்றை நான்காய் அறுத்து
மிளகுக் கொடிக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் கொடியைக் காட்டி,
"பாத்தியா" என்றார்,
"நேரா ஏறுது."