இருபத்தெட்டு

பேருந்து நின்றதும் முதலில் இறங்குவது கொடி.
அதைப் பிடித்தபடி நான்.
எனக்குப் பின்னால் இருபத்தேழு மஞ்சள் தொப்பிகள்.

நான் வியாழக்கிழமைக்காரி.
இன்று ஷூபிங்குக்குக் காய்ச்சல்,
அவளுடைய செவ்வாய் என் தலையில்.

பெயர்கள் எனக்கு நிற்பதில்லை.
சாங்ஷா ரயில்வேயில் ஓய்வுபெற்றவர்கள் பதினைந்து பேர்,
காலையிலிருந்து முகம் பார்த்துக்கொள்ளாத
ஒரு புதுமண ஜோடி,
மூட்டுவலிக்காரர்கள்,
பூட்டிய கதவு எதைக் கண்டாலும்
தட்டிப் பார்க்கும் யுவான்.

"யூன்பூ படித்துறைக்கு நூற்று எண்பத்தாறு படிகள்"
என்று ஒலிபெருக்கியில் சொல்கிறேன்.
எண்ணியதில்லை.
எனக்கு முன்பு இருந்தவள் அப்படித்தான் சொன்னாள்.
அவளும் எண்ணியிருக்க மாட்டாள்.

பாங் அம்மாளின் தேநீர்க்கடைச் சுவரில்
வெள்ளம் ஏறிய உயரங்களுக்குக் கோடுகள்.
வளரும் பிள்ளையைக் கதவோரம் நிறுத்தி
அளந்ததுபோல ஆற்றை அளந்திருக்கிறார்கள்.
எல்லாரும் உச்சிக்கோட்டின் கீழ் நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள்.
மாஜோங் கட்டையிலிருந்து கண் எடுக்காமல்
"தேநீர் குடிக்காதவர்கள் மூழ்கலாம்" என்றாள் பாங்.
யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள்.

சந்துக்குள் ஒருத்தி
மூங்கில் தட்டில் மிளகாய் காயவைத்திருந்தாள்.
கேமராக்கள் குனிந்தன.
"எடுத்துக்கொள்ளுங்கள்,
நிழல் மட்டும் மிளகாய்மேல் விழ வேண்டாம்."
இருபத்தேழு பேரும் ஒருபக்கமாய் ஒதுங்கினோம்
வெயிலுக்கு வழிவிட்டு.

மதியம் சுழல்மேசை.
மீன்தலை மூன்று சுற்று வந்தது, தொட ஆளில்லை.
நான்காம் சுற்றில் அந்தப் புதுப்பெண்
கன்னத்துச் சதையைக் கிள்ளி எடுத்து
அவன் கிண்ணத்தில் வைத்தாள்,
ஜன்னலைப் பார்த்தபடியே.
அவன் சாப்பிட்டான்.
என்ன சண்டையோ, அதில் பாதி முடிந்திருக்கும்.

மூன்று மணிப் படகில் தலை எண்ணினேன்.
இருபத்தெட்டு.
மறுபடி எண்ணினேன், ஆள்காட்டி விரலை நீட்டி.
இருபத்தெட்டு.

ஆறு வருடத்தில் குறைந்ததுண்டு.
ஒருமுறை கோயில் பின்கட்டில் தூங்கிவிட்டவரைத் தேடி
நகரமே அலைந்தேன்.
கூடியது இதுதான் முதல்முறை.

கடைசி வரிசையில் இருந்தார்.
அதே மஞ்சள், ஆனால் வெளுத்த மஞ்சள்,
எங்கள் கம்பெனியின் பழைய சின்னம்.
ஷூபிங் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.
மடியில் சூப்புக் குடுவை,
அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.
என்னைப் பார்த்தார்.
கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை.

அக்கரையில் மாவட்ட மருத்துவமனை.
பாலம் வந்த அன்றே ஓடம் நின்றுபோனது.
பாலமோ பதினொரு கிலோமீட்டர் மேலே.
குறுக்கே போவது
எங்கள் சுற்றுலாப் படகு மட்டும்.

ஒலிபெருக்கியை எடுத்தேன்.
"வலப்புறம் பாருங்கள், ஏழடுக்குக் கோபுரம்."
எல்லாத் தொப்பியும் வலப்புறம் திரும்பியது,
அவருடையதும்.

கோபுரத்தில் ஏற நாற்பது நிமிடம், இறங்கப் பதினைந்து.
ஐந்தரைக்கு மறுபடி எண்ணினேன்.
இருபத்தேழு.
சரியான கணக்கு. மனசுக்கு மட்டும் சரியாக இல்லை.
படகோட்டி கெங்கிடம் போய்
"என்ஜினில் ஏதோ சத்தம் கேட்கிறதே" என்றேன்.
கெங் சிகரெட்டைப் பற்றவைத்தான்.
"செவ்வாய்க்கிழமை ஆனால் அப்படித்தான்.
பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்."

பன்னிரண்டு ஆனது.
வந்தார், மூச்சிரைக்க.
போகும்போது இரு கை பிடித்திருந்த குடுவை
இப்போது ஒற்றை விரலில் ஆடியது.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்த யுவான்
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

படிவத்தில் வராதவர்களுக்கு ஒரு கட்டம் உண்டு.
கூடியவர்களுக்குக் கிடையாது.
இருபத்தேழு என எழுதிக் கையெழுத்திட்டேன்.

கரையேறும்போது
இன்று முதல்முறையாகப் படிகளை எண்ணினேன்.
எனக்கு முன்னே அவர் ஏறிக்கொண்டிருந்தார்,
தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகியபடி.
தொண்ணூற்று நான்கில் யாரோ தோளைத் தட்டி
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.