குதிரை வண்டி

ஆனி மாதத்திலிருந்து
தக்கலையில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே
மூன்றாம் மாடி உயரத்தில் ஒரு திரை.
நாள் முழுக்க அதில் பனி பெய்கிறது.

பனியில் ஒரு வெள்ளைக் குதிரை.
செருப்பில்லாமல் நடந்து வருகிற ஒருத்தி
அதன் காதில் என்னவோ சொல்கிறாள்.
குதிரை நம்மைத் திரும்பிப் பார்க்கிறது.
‘மௌனம் உன்னை ஓட்டுகிறது’
என்று எழுத்து வந்து கரைகிறது.
கடைசி நொடியில்
கார்.
அதுவும் பாதி.

திருவட்டார் பஸ்ஸுக்கு நின்றவர்கள்
முதல் வாரம் அதைப் பால்பொடி என்றார்கள்.
"இல்லவே, முட்டுவலிக்குத் தேய்க்க எண்ணெயாக்கும்,
குதிரைப் படம் போட்டது"
என்றார் தாணுமாலயன்.
டியூஷன் பை சுமந்த ஒரு சிறுமி மட்டும்
"அந்த அக்காவுக்குக் கால் விறைக்காதா?" என்றாள்.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கார் என்று பிடிபட்டதும்
கேள்விகள் தரைக்கு இறங்கின.
"எனக்க ரெண்டு சருவமும் பொறத்தால இருக்குமா?
மீன்தண்ணி வடிஞ்சா ஷாக் அடிக்குமா?"
இது புஷ்பபாய், குளச்சலிலிருந்து.
ரப்பர் ஷீட் எடுக்கிற ரசாலத்துக்கு
பேச்சிப்பாறை கேற்றத்தில் இழுக்குமா என்று தெரியவேண்டும்.
திரை ஒன்றும் சொல்லவில்லை.
பனி பெய்தது.

வாங்கியது மரிய ஜெனட்.
வீடுவீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள்.
இரணியல், திங்கள்சந்தை, கருங்கல்,
வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள்,
எட்டு மணிக்குள் எல்லாம் முடியவேண்டும்.
நான் கழித்துப்போட்ட தாளின் பின்பக்கத்தில்
மூன்று நாள் கணக்குப் போட்டாள்:
பெட்ரோல், கரண்ட், வட்டி,
வீட்டு வயரிங் மாற்ற மச்சான் கேட்ட தொகை.
குதிரை அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

ஆனால் ஊருக்கு அது குதிரை வண்டி.
"குதிர வண்டி போச்சா?
அப்ப மணி ஆறரை."
சத்தமே இல்லாததால்
நாய்கள் எழுவதில்லை, அது லாபம்.
மாடுகள் விலகுவதில்லை, அது நஷ்டம்.
ஒருமுறை சார்ஜ் தீர்ந்து
நாகர்கோவிலில் மூன்று மணிநேரம்
உளுந்தவடையோடு உட்கார்ந்திருந்தாளாம்.
அதையும் மறைக்காமல் சொன்னாள்.

ஐப்பசியில் மழை.
குமாரகோவில் பக்கம் ஒரு அயனி மரம்
கம்பிமேல் சாய்ந்து
ஒன்றரை நாள் கரண்ட் இல்லை.
மறுநாள் பரீட்சை.
ஹால்டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள்
என் கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள்,
இருபத்திமூன்று பேர்.

ஜெனட் வண்டியைப் பின்னால் எடுத்து
வாசலோடு ஒட்டி நிறுத்தினாள்.
என்னவோ ஒன்றைச் சொருகினாள்.
வயரை ஷட்டருக்கு அடியில் தள்ளி
"போடுங்க அண்ணா" என்றாள்.

என் மெஷின் ஒருமுறை கனைத்தது.
பிறகு சூடான தாள்,
ஒன்று, அடுத்தது, இன்னொன்று.
பக்கத்துக் கடை இஸ்மாயில்
சட்னிக்கு மிக்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.
எல்லாம் முடிந்து பார்த்தபோது
அறுபத்தொன்றில் இருந்த சார்ஜ்
ஐம்பத்தெட்டு.

எதிரே திரை கறுத்துக் கிடந்தது.
அதன்மேல் நிஜமழை வழிந்தது.
புஷ்பபாய் சருவத்தைத் தலைக்குப் பிடித்தபடி
அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:
"இத அந்தப் பெண்ணு
குதிரைக்க காதுல சொல்லுததுக்கு
நமக்க காதுல சொல்லப்பிடாதா?"

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது.
பனி மறுபடியும் பெய்தது.
காசு வேண்டாம் என்றாள் ஜெனட்,
லேப் ரசீது ஐம்பது காப்பி
கடனாக எழுதிக்கொள்ளச் சொன்னாள்.
வயரைச் சுற்றிப் பின்னால் போட்டுக் கிளம்பினாள்,
கிளம்பியதே தெரியவில்லை.

பத்தடி தள்ளி நடுரோட்டில் ஒரு மாடு.
கண்ணாடியை இறக்கி
மழையில் தலையை நீட்டி
அதன் காதில் என்னவோ சொன்னாள்.

மாடு எங்களைத் திரும்பிப் பார்த்தது.
நகரவில்லை.