இரவல் சீட்டுகள்

தார்த்து பல்கலைக்கழக நூலகம்.
தரைத்தளத்தில் என் மேசை.
இங்கே இல்லாத புத்தகத்தை
இருக்கும் ஊரிலிருந்து வரவழைப்பது வேலை.
ஆட்களை எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
அவர்கள் நிரப்பித் தரும் சீட்டுகளைத் தெரியும்.

லேலோ கூசிக், மூன்றாம் ஆண்டு.
நவம்பரில் முதல் சீட்டு:
"எமயிகி ஆறு. 1874இல் பனி உடைந்த நாள்.
எந்தப் புத்தகமானாலும் சரி."
எந்தப் புத்தகமானாலும் சரி என்றொரு புத்தகம்
எந்த ஊரிலும் இல்லை.
திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் கணினி முன்னால் அவள்.
தேடல் பெட்டியில் ஆற்றின் பெயர்.
பூஜ்யம்.
ஓர் எழுத்தை மாற்றினாள். பூஜ்யம்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
திரையையே பார்த்திருந்தாள்.
பிறகு ஏதோ பழைய வரைபடத்தை விரித்திருக்க வேண்டும்.
இரண்டாம் சீட்டில் ஆற்றுக்கு மூன்று பெயர்:
எமயிகி, எம்பாக், ஒமோவ்ஷா.
ஊருக்கும் மூன்று:
தார்த்து, டோர்பாட், யூரியெவ்.
ஆண்டவர்கள் மாற மாறப் பெயர் மாறிய
அதே தண்ணீர்.
நாற்பத்தோரு முடிவுகள்.

டிசம்பரில் சீட்டுகள் ஒழுங்குக்கு வந்தன.
ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம்.
ரீகாவுக்கு ஒன்று, ஹெல்சிங்கிக்கு இரண்டு.
ஒரு கட்டுரை இன்னொன்றைக் கைகாட்ட,
அது வேறொன்றைக் கைகாட்ட,
எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றன:
அவ்வாண்டு பனி உடைந்தது மே ஒன்றில்.
ஆறு பேர். ஆறு பேரும் பேராசிரியர்கள்.
ஈயடிச்சான் காப்பி;
ஐந்தாமவர் ஈயைக்கூட
பக்கம் மாற்றி அடித்திருந்தார்.

நானாயிருந்தால்
ஆறு சாட்சி போதும் என்று எழுதி முடித்துவிட்டு
காப்பி குடிக்கப் போயிருப்பேன்.
ஆறு பேர் சொன்னது இருக்கட்டும்,
ஆறு என்ன சொன்னது?
ஏழாம் சீட்டு அதைத்தான் கேட்டது:
அறுவரில் மூத்தவரின் அடிக்குறிப்பு,
அதன் அடியில் ஒரு தேவாலயப் பதிவேடு.

ஜெர்மானியக் கையெழுத்து.
எல்லா எழுத்தும் ஒன்றுபோல
வேலிக்குச்சியாய்ச் சாய்ந்து நிற்கும்.
பத்து நாள் அவள் வாசிக்கவே இல்லை,
பார்த்து வரைந்தாள்,
மளிகைக் கடை ரசீதுகளின் பின்புறத்தில்.
பதினோராம் நாள்
ஒரு ஞானஸ்நானத்துக்கும் ஓர் அடக்கத்துக்கும் நடுவே
பாதிரியாரின் ஓரக்குறிப்பு வாய் திறந்தது:
இன்று ஆறு உடைந்தது.
ஏப்ரல் ஏழு.

பழைய நாட்காட்டி. பன்னிரண்டு நாள் கூட்ட வேண்டும்.
ஏப்ரல் பத்தொன்பது.
ஒருவர் கூட்டினார், கூட்டியதைச் சொல்லவில்லை.
அடுத்தவர் கூட்டவில்லை போலும் என்று
மறுபடி கூட்டினார்.
அப்படிப் பிறந்தது மே ஒன்று.
நடக்காத பன்னிரண்டு நாட்கள்
நூறாண்டாக ஆற்றின்மேல்
உறைந்து கிடந்திருக்கின்றன.

சொல்ல மறந்துவிட்டேன்:
அவள் ஆய்வே
அந்தத் தாமதமான வசந்தத்தைப் பற்றியது.
அன்று மாலை பானம் விற்கும் இயந்திரத்தருகே
நின்றிருந்தாள். காசு போடவில்லை.

மார்ச்சில் கடைசிச் சீட்டு:
"தலைப்பு மாறிவிட்டது.
ஆறு கட்டுரைகளுக்கும்
இன்னும் இரண்டு வாரம் கிடைக்குமா?"
ரீகா சரி என்றது.
ஹெல்சிங்கி மறுத்து, அபராதமும் கேட்டது.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை
வேலைக்கு வரும் வழியில்
வளைவுப் பாலத்தின்மேல் நின்றுவிட்டேன்.
அடியில் ஏதோ முனகியது.
சட்டைப்பையில் வெற்றுச் சீட்டு ஒன்று.
நாள், காலை ஏழு நாற்பது,
நின்ற இடம், பார்த்தவன் பெயர்,
புதிய நாட்காட்டி என்றும் எழுதி,
அதன் கீழே: இன்று ஆறு உடைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.
எதிர்க்கரையில் பனி அசையவில்லை,
அதன்மேல் ஒரு நாய் நடந்து போனது.

"உடைந்தது" என்பதை அடித்தேன்.
உடையத் தொடங்கியது.
இந்தக் கரையில்.