பதினோரு யூனிட்

தேவனாம்பட்டினம் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில்
தேங்காய் மட்டைகளைக் காலால் ஒதுக்கி
நாலாவது மீட்டருக்கு டார்ச் அடித்துக் குனிந்தபோது
சட்டைப்பையில் போன் ஒருமுறை துடித்தது.
மேலேயிருந்து வீட்டுக்காரம்மா,
"இந்தத் தடவையும் கூடத்தானா?"
வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதிக்
கையெழுத்தும் போட்ட பிறகுதான் பார்த்தேன்:
உங்கள் கணக்கில் ரூபாய் 188.65 வரவு.

கேஸ் மானியம் என்று நினைத்தேன்.

பிறகு வந்தது ராயல்டி அறிக்கை.
விற்றவை: 11 யூனிட்.
யூனிட் என்றேதான் போட்டிருந்தான்.
இருபத்திரண்டு வருஷம் ஊரார் யூனிட்டை எண்ணியவன்
என் யூனிட்டைப் பார்த்தபடி நின்றேன்.
நாற்பத்தொன்பதில் நூற்றுக்கு முப்பத்தைந்து,
பதினேழு பதினைந்து. பதினொன்றால் பெருக்கினேன்.
பைசா சுத்தம்.

முதல் நூறு யூனிட் இலவசம் என்கிறது அரசாங்கம்.
நானும் அப்படித்தான் செய்தேன்.
உப்பனாற்றில் தோணி ஓட்டும் ஒருத்தியின் கதை,
முதுநகரில் அச்சடித்தது முந்நூறு;
நூறு, கையெழுத்தோடு சும்மா போயிற்று.
பல் டாக்டர் வரவேற்பறையில் வைப்பதாகச் சொன்னார்.
வைத்தார். மேலே ஈரக் குடை இருந்தது.
மீதி இருநூறைக் கெடிலம் பெருகிய ராத்திரி
அரிசி மூட்டைக்கு முன்னால் பரணில் ஏற்றினேன்.
"நாளைக்கு அதையே வடிச்சுப் போடறேன்" என்றாள் அமிர்தம்,
முழங்கால் தண்ணீரில் நின்று அடுத்த கட்டை நீட்டிக்கொண்டே.
அச்சுக்கு வாங்கிய சொசைட்டிக் கடனைச்
சம்பளத்தில் இன்னும் பிடிக்கிறார்கள்.
போனில் படிக்கிற மாதிரி ஏற்றியது ரேவதி,
போன பொங்கல் லீவில்.

மத்தியானம் சவுக்குத் தோப்பு நிழலில் வண்டியை நிறுத்தித்
தயிர்சாதத்தைத் திறக்காமல் பெயர்களை எண்ணினேன்.
நெய்வேலி மச்சான் ஒன்று.
ரேவதியின் தோழிகள் மூன்று.
ஸ்டோர்கீப்பர் ஜெயசீலன். வில்லியனூர் சித்தப்பா மகள்.
கலியபெருமாள் வாங்கிவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்டான்,
கொடுத்தேன், ஆனாலும் ஒன்று ஒன்றுதான்.
இலவசப் பிரதியைத் தொலைத்த வெட்கத்தில் சம்பந்தி.
எழுத்து எப்படித் தெரிகிறது என்று பார்க்க நானே.
ஒன்பது.
அமிர்தத்துக்குப் போன் போட்டேன்.
"நான் எதுக்கு வாங்கணும்? இருநூறு மேலே தூங்குது."

அப்போது அந்த இரண்டு பேர் யார்?
ஆளில்லாத வீட்டு அட்டையில்
கதவு பூட்டு என்று எழுதிவிட்டுப் போவோம்.
பூட்டிய வீட்டில் மீட்டர் ஓடினால்
உள்ளே எதையோ அணைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் வண்ணாரப்பாளையம், இரண்டாம் தெரு.
நாய்க்கும் என்னைத் தெரியும் அங்கே.
கேட்டுக்குள் ஒரு பையன் படியில் உட்கார்ந்து
போனில் பெருவிரலால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தான்.
ஒரு பக்கம். இன்னொரு பக்கம். உதடு லேசாக அசைந்தது.
நான் நின்ற நேரம் கொஞ்சம் கூடிவிட்டது.
நிமிர்ந்தான். "என்ன சார் வேணும்?"

எட்டு வருஷமாக நான் ரீடிங் எடுக்கிற வீடு.
"மீட்டர் எங்கேப்பா இருக்கு?" என்றேன்.