அரை இஞ்ச்

வில்லாபுரம் வேகத்தடையில்
விடிகாலை நாலே முக்காலுக்கு
'டங்'கென்று ஒரு சத்தம்.
கோயில் மணி என்று நினைக்கிற அளவுக்கு
எனக்குப் பக்தி கிடையாது.
இறங்கிப் பார்த்தேன்.
மேட்டிஸ் பின்னால் இடப்பக்கம்
ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது,
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
அங்கேயே தூங்கிப்போன ஆள் மாதிரி.

ஜெய்லானி குழிக்குள் இறங்கி
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு துண்டை எடுத்து நீட்டினான்.
பெரியது ஐந்தே முக்கால் சுற்று.
சின்னது ஒரு சுற்றும் கொஞ்சமும்.
"என்னத்தக்கா ஏத்துவீங்க?"
மாவு. இட்லி மாவு.
முப்பது லிட்டர் டிரம் ரெண்டு.
"எந்தப் பக்கம்?"
இடப்பக்கம்தான். வலது பின்கதவு
திறந்து நாலு வருஷமாகிறது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பழந்துணியில் கையைத் துடைத்த விதத்தில்
எல்லாம் சொல்லிவிட்டான்.
"வாங்கினா ஜோடியா வாங்குங்க" என்பதை மட்டும்
வாயால் சொன்னான்.

வண்டி செய்த கம்பெனி
கடையைக் கட்டி இருபது வருஷமிருக்கும்.
"வித்துருங்க மதினி" என்றார் கொழுந்தனார் தவமணி.
அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள்.
எடைக்குப் போட்டால் என்ன வருமென்றுகூட
ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.
தமிழ் வகுப்பில் தூங்கி வழிந்தவள்தான் நான்.
ஆனாலும் இது மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது:
வில் என்றால் வளைவது.
வில் என்றால் விற்றுவிடு.

மஞ்சப்பையில் துண்டுகளோடு டவுன் பஸ் ஏறினேன்.
"பொம்பளைக்கு ஃப்ரீ. பைக்குள்ள யாரு?"
காட்டினேன்.
கண்டக்டர் தூக்கிப் பார்த்தார்.
"ஒடிஞ்சும் இந்த கனம் கனக்குதே.
இதுவும் பொம்பளதான், போங்க."

வடக்கு வெளிவீதியில்
முதல் கடையில் சிரித்தார்கள்.
இரண்டாவது கடைப் பையன் செல்லைத் தடவி
டெல்லியில் இருக்கிறது, பதினைந்து நாள் என்றான்.
பதினைந்து நாளா?
மாவு என்னைக் கேட்டா புளிக்கிறது?
மூன்றாவது துளசிராம் கடை.
கம்பியின் கனத்துக்கு வெர்னியர் வைத்தார்.
உதடு அசையச் சுற்றுகளை எண்ணினார்,
நடுவில் போன் வந்தது, எடுக்கவில்லை,
முதலிலிருந்து எண்ணினார்.
"ஸ்பார்க்கோடது பொருந்தும்.
அரை இஞ்ச் உசரம் வரும், பரவால்லயா?"
அந்தக் கம்பெனியும் போய்விட்டதே என்றேன்.
"போனவன் போட்டுட்டுப் போனது
கப்பலூர்ல கிடக்கும்."

கிடந்தது.
மூக்கில்லை, சக்கரமில்லை,
கதவுக்குள் குளவி கூடு வைத்திருந்தது.
பின்பக்கம் மட்டும் நேற்று நிறுத்தியதுபோல் இருந்தது.
ஒச்சு ஒற்றை ஸ்பிரிங்கை உருவி மண்ணைத் தட்டினார்.
"ஒண்ணு ஐந்நூறு. ஜோடின்னா தொள்ளாயிரம்."
பர்ஸில் ஐந்நூற்று எழுபது இருந்தது.
ஒடிந்தது ஒன்றுதானே என்று
எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஜெய்லானி பூட்டி முடித்து
நாலடி தள்ளி நின்று பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
வண்டி இப்போது வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
"ஜோடின்னு சொன்னேனேக்கா."
"டிரம்மை ஏத்திப் பாப்போம்."
ஏற்றினோம், திறக்கிற கதவு வழியாகவே.
இடப்பக்கம் மெல்ல இறங்கி
இறங்கி
நின்றது.
மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.
மாவு விளிம்புக்கு விளிம்பு ஒரே மட்டம்.
"ரசமட்டம் வச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டு
கூலியில் ஐம்பதைக் குறைத்துக்கொண்டான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

இப்போது வில்லாபுரத்தில் வேகத்தடை ஏறும்போது நேராக ஏறுகிறேன்.
பழங்காநத்தம் வரை போய்
டிரம் காலியாகித் திரும்பும்போது
வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து வருகிறேன்.
நேற்று வாசலில் நின்று
வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார் தவமணி.
"என்ன மதினி, சாயுது?"

"வித்திருச்சு" என்றேன்.
"மாவு."