சர்க்கரை ஒட்டும் வேலை

கொருக்குப்பேட்டை கூட்ஸ் தண்டவாளத்தோரம்
சிமெண்ட் தூசி படிந்த கண்டங்கத்திரி.
இலையின் நடுநரம்பில்கூட முள்.
கிள்ளி ஐஸ் பெட்டியில் வைக்கிறேன்.
“இன்னா மேடம், இத்தப் போயி பொட்டில பூட்டிக்கினு?”
கேட் போட வந்த கோதண்டம் சிரிக்கிறார்.

ஆய்வகத்தில் மூன்று நாள்.
அரைத்து, வடித்து, சுழற்றி,
கடைசியில் ஒரு சொட்டுத் தெளிவு.
அதில் இருக்கும் நொதிக்கு ஒரே வேலை:
கசப்பாகப் போகும் மூலக்கூறின் தோளில்
ஒரு சர்க்கரையை ஒட்டுவது.
ஒட்டினால்தான் செடி
தன்னைச் சுட்டுக்கொள்ளாமல் நஞ்சைச் சேர்த்துவைக்கும்,
புழு வாய் வைக்கும் நாளுக்காக.
இனிப்பைச் சேர்த்துக் கசப்பு செய்கிறது
என்று நோட்டில் எழுதி, அடித்துவிட்டேன்.
கைடுக்கு உவமை பிடிக்காது.

மார்க்கெட் கத்திரிக்காய்க்கும்
ஏறக்குறைய அதே நொதிதான்.
கசந்த காயை விதைக்கு விடாமல்
விடாமல்
நாம்தான் அதைச் சோம்பேறியாக்கினோம்.
இப்போது அதன் வேலையை
தெளிப்பான் மாட்டிய ஆள் செய்கிறார்,
மூக்கில் ஈரத்துண்டு கட்டி.

ராத்திரி பெனினாள் கத்திரிக்காய் நறுக்குகிறாள்.
பாதியில் புழு.
அந்த இடத்தை மட்டும் தோண்டி எறிந்துவிட்டு
மிச்சத்தைத் தண்ணீரில் போடுகிறாள்.
மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை.
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறாள், இருமுகிறாள்.

“இன்னிக்கு இன்னா கண்டுபுடிச்ச?”
“சர்க்கரை.”
“யாருக்கு?” என்கிறாள், கத்தியை நிறுத்தி.

சொல்லத் தொடங்குவதற்குள்
தண்ணீருக்கு வெளியே விழுந்த துண்டு ஒன்று
ஓரத்திலிருந்து
கறுக்கத் தொடங்கியிருந்தது.